முதல் பாதியில் இடப்பக்கம், இரண்டாம் பாதியில் வலப்பக்கம்

கண்டாவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். இந்த வேலையில் பந்தைச் சமாளித்துவிடலாம், பெற்றோரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. மகளைத் தலைவி ஆக்கச் சொல்லிப் பூசணிக்காயோடு வந்த தகப்பன் உண்டு. பிள்ளை கறுத்துப்போவாள், நிழல் விழுகிற பக்கத்தில் விளையாட விடுங்கோ என்று கேட்ட தாயும் உண்டு. பூசணிக்காயைத் திருப்பிக் கொடுத்தேன். நிழலுக்குச் சூரியனிடம் கேட்கச் சொன்னேன்.

ஆனால் எங்கள் கோல் காப்பாளரின் தகப்பன் கேட்டது எனக்கு விளங்கவே இல்லை. அவர் இலண்டனில் ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்கிறார். போகும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாளாம். விசா இன்னும் சரிவரவில்லை, அதனால் ஒருமுறைகூட வந்துபோகவில்லை. போட்டி நாட்களில் தாய் மற்றத் தாய்மாரோடு வேப்பமரத்தடியில் நின்று போனை உயர்த்திப் பிடிப்பார். அவர் அங்கிருந்தபடி வீடியோவில் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை.

"ரீச்சர், அவர் உங்களோட கதைக்க வேணுமாம்" என்று தாய் ஒருநாள் போனை என் கையில் தந்தார்.

"பிள்ளையைக் கோலில விடாதேங்கோ ரீச்சர். முன்னுக்கு, இடப்பக்கமா விடுங்கோ. நில்லுங்கோ, ஒரு ஆள் காசு குடுக்க நிக்குது..."

சரி, எல்லாத் தகப்பன்மாருக்கும் மகள் கோல் அடிக்க வேண்டும் என்று ஆசைதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறியதும் போன் திரும்பவும் வந்தது. இப்போது வலப்பக்கமாம். அடுத்த போட்டியிலும் அதே கதை. முதல் பாதியில் இடப்பக்கம், இரண்டாம் பாதியில் வலப்பக்கம்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் ஒன்று விளங்காவிட்டால் அந்தக் கோபம் பின்னுக்குப் போய், துருவிக் கேட்கிற புத்தி முன்னுக்கு வந்துவிடும். இதென்ன புது உத்தியோ என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். ஆசிரியர் அறையில் சொன்னபோது கணித சேர் சிரித்தார். "அந்தாள் லண்டனில கோச்சிங் படிக்குதாக்கும். கவனம் ரீச்சர், உங்கட கதிரைக்கு ஆள் வருது."

வலய இறுதிப் போட்டிக்கு முதல்நாள் சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கும் கோலில்தான் விடுவதென்றால் மகளை விளையாட விடாமல் மறித்துவிடப் போவதாகத் தகப்பன் சொல்லிவிட்டார். பிள்ளை என் முன்னால் கையுறையைக் கழற்றாமலே நின்றாள். "நான் கோலை விட்டு வரமாட்டன் ரீச்சர்" என்றாள். அவளுக்கு அதுதான் உலகம். அவள் இல்லாவிட்டால் கோலில் நிறுத்த எனக்கும் வேறு ஆள் இல்லை.

நானே அவரை அழைத்தேன். "அண்ணை, சண்டை பிடிக்க எடுக்கேல்லை. எனக்கு ஒண்டு விளங்கோணும். ஏன் பாதி ஆட்டத்தில பக்கம் மாத்தச் சொல்லுறியள்?"

"மனுசி நிக்கிற பக்கம் அதுதானே ரீச்சர்" என்றார். "கோலில நிண்டா போனில ஒரு புள்ளிதான் தெரியுது. எது என்ர பிள்ளை எண்டே தெரியாது. மரத்தடிப் பக்கமா ஓடினா எண்டாலும் முகத்தைப் பாக்கலாம்."

அணிகள் பக்கம் மாறும், வேப்பமரம் மாறாது. இத்தனை நாளும் உதைபந்தாட்டத்துக்குள் காரணம் தேடிய என்னை என்னவென்று சொல்வது. மனிதர் மேல் பாவமாக இருந்தது.

அப்படியென்றால் தாய் கோலுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதானே என்று தாயிடம் கேட்டேன். தலையைக் குனிந்தபடி காரணத்தைச் சொன்னார். கோலுக்குப் பின்னால் நிற்பது ஊர்ப் பெடியன்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண் தனியாக அங்கே போய் நின்றால் மறுநாள் ஊர் முழுக்க அதுதான் கதை. அவர் சொல்லாமலே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நானும் இந்த ஊர்தானே.

மறுநாள் தாயின் கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை ஒன்றை மாட்டி, முதலுதவிப் பையையும் தண்ணீர்ப் போத்தல்களையும் கையில் கொடுத்தேன். "இண்டைக்கு நீங்கள் உத்தியோகத்தர். உங்கட இடம் கோலுக்குப் பின்னால" என்றேன். பெடியன்கள் தாங்களாகவே விலகி இடம் விட்டார்கள். பையை நிலத்தில் வைத்து, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தார் தாய். இடைவேளை முடிந்ததும் பையோடும் போனோடும் மற்றக் கோலுக்குப் பின்னால் போனார்.

ஆட்டம் முழுக்க எனக்குப் போன் வரவில்லை. கடைசி நிமிடங்களில் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி தான் பிடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட, ஒரு கோல் வாங்கித் தோற்றோம். இனி என்ன கேட்கப் போகிறாரோ என்று போனை நானே போய் எடுத்தேன். தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், இவள் இவ்வளவு கத்துவாளோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. கோல் காப்பாளர் வாய் மூடுவதில்லை. ஏறு, இறங்கு, அவளைப் பிடி, விடாதே என்று ஆட்டம் முடியும்வரை கத்திக்கொண்டே இருப்பாள்.

"என்னோட எண்டா 'ஓம் அப்பா, சாப்பிட்டன் அப்பா' தான். அதோட தாயிட்டப் போனைக் குடுத்திடுவாள். நான் இவளை வாயில்லாப் பிள்ளை எண்டெல்லோ நினைச்சிருந்தனான்."

அந்த நேரம் பிள்ளை சேறும் வியர்வையுமாக வந்தாள். தோற்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பறித்தாள்.

"பாத்தனீங்களோ அப்பா? நான் எத்தினை தரம் சொன்னனான் அவளைப் பிடி எண்டு. கேட்டவளோ? அங்க நிண்டு வாய் பாக்கிறாள்..."

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். தாய் போத்தலை நீட்டினார், அவள் வாங்கவில்லை. இலண்டனிலிருந்து அன்றைக்கு எந்த ஆலோசனையும் வரவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்துகிற போதெல்லாம் "பிறகு?" என்று மட்டும் தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தார்.