ஓட்டிக் காசு

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் கவர்மெண்டு லாரி ஓட்டுகிறவர் ஒருவர் குடியிருந்தார். மாசக் கடைசியில் அவர் மனைவி குழாயடியில் நின்றுகொண்டு, “இந்த மாசம் ஓட்டிக் காசே நெறைய வரும்” என்று பெருமை பேசுவாள். லாரி ஓட்டுகிறவருக்கு ஓட்டிக் காசு கொடுப்பது நியாயம்தானே என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால், ரோட்டில் தார் ஊற்றுகிறவர்களும் ஓட்டிக் காசு வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண்ணும் வாங்குகிறாள். அவள் எதை ஓட்டினாள் என்று எனக்குப் பிடிபடவேயில்லை. கடைசியில் சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

“ஓட்டின்னா வண்டி ஓட்டுறது இல்ல புள்ள. ஓ, டி. ஓவர்டைம். நேரத்துக்கு மேல வேல செஞ்சா தனியா காசு.”

“அப்ப உங்களுக்கு ஏன் இல்ல?”

“எனக்கு நேரம்னு ஒன்னு இருந்தாத்தானே, அதுக்கு மேலன்னு ஒன்னு இருக்கும்?”

அவர் மலாக்கா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். ஜாலான் துக்காங் எமாஸிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது கடை. முதலாளி ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த முஸ்லிம். நல்ல மனுஷர்தான், ஆனால் கடையைச் சாத்துவதென்றால் அவருக்கு உயிர் போகும். ஊர் விழிப்பதற்குள் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துவிடுவார். ஊர் உறங்கப் போகும் நேரத்துக்குத் திரும்புவார். மத்தியானச் சோறு கடையிலேயே. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருப்பது எங்கள் வீட்டுக்குத் தெரியாது. தீபாவளிக்கு ஒரு நாள், பொங்கலுக்கு அரை நாள், அவ்வளவுதான் அவர் எங்களுக்குச் சொந்தம்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே இருட்டோடு பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடினாலும், பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால் பிற்பகல் நம்முடையது. அம்மா சாயங்காலத்தில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், அப்பா பந்து விளையாட்டைப் பார்த்துக் கத்துவார். கையில் காசு நிற்காது, ஆனால் பொழுது இருந்தது. எனக்கு டவுன் மாப்பிள்ளை அமைந்தபோது, “நெழல்ல வேல, வெள்ளச் சட்ட” என்று தோட்டத்து லயமே வாயைப் பிளந்தது. சம்பளம் கூடுதல்தான், பொய் சொல்லக் கூடாது. வெள்ளைச் சட்டையும் உண்மைதான், அதைத் துவைத்தவள் நான். அந்த நிழலுக்குள் போன மனுஷர் வெளியே வரவே மாட்டார் என்பதை மட்டும் எவரும் எனக்குச் சொல்லவில்லை.

அவருக்குக் கேலி நன்றாக வரும். மலாயில் காஜா என்றால் யானை, பெராங் என்றால் கடுங்கோபம். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்குக்கு அந்தப் பேர் எந்த யானையால் வந்ததோ! சம்பள நாளில் கவரை என்னிடம் நீட்டி, “இது காஜா பெராங் இல்ல, காஜி பெராங்” என்பார். காஜி என்றால் சம்பளம். கோபித்துக்கொண்ட சம்பளம், எவ்வளவு கூப்பிட்டாலும் கையில் தங்காது என்று விளக்கம் வேறு. நான் சிரிக்க மாட்டேன். உள்ளே போய்ச் சிரிப்பேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கோலி விளையாட்டில் ஜெயித்தால்கூட மெர்டேக்கா என்று கத்தினார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் சைக்கிளை நிறுத்தும் முன்பே, “நமக்கும் மெர்டேக்கா” என்றார். கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று அதிகாரிகள் கடை கடையாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் முதலாளி செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனால், அந்த வருஷம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்ததைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் பனியனோடு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சீனத்தி துணி உலர்த்தியவள், அவரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நல்ல பொம்பளை, தன் வீட்டில் செய்யும் பலகாரத்தை வாழையிலையில் சுற்றி எங்களுக்கும் கொடுப்பவள்.

“லாக்கி சுடா பாலிக் டாரி சிங்கப்பூரா?”

புருஷன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்துவிட்டாரா என்று கேட்கிறாள். அவள் எழுவதற்கு முன் இவர் போய்விடுவார், அவள் கதவைச் சாத்திய பிறகு வருவார். தீபாவளிக்கு மட்டும் பார்த்திருக்கிறாள். சிங்கப்பூரில் வேலை, பண்டிகைக்கு வந்து போகிறார் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக என்னைப் பாவம் என்று நினைத்துத்தான் பலகாரம் கொடுத்தாளோ என்னவோ! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லீவு நாள் என்றால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கூட்ட வந்தால் காலைத் தூக்குவார். ஒரு கோப்பி. சற்று நேரத்தில் இன்னொரு கோப்பி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு என்பதால் ஒரு குழம்பு, ஒரு கறி, ஒரு வறுவல். பிறகு, “சூடா ஏதாச்சும் இருக்கா?” மற்ற நாளில் நானும் மகளும் பழைய குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சிவனே என்று படுத்திருப்போம். அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளிலும் இதே கதை. நாலாவது கோப்பிக்குக் குரல் வந்தபோது எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கரண்டியோடு போய் நின்றேன்.

“ஓட்டிக் காசு எடுங்க.”

“என்னது?”

“உங்களுக்கு இன்னிக்கு லீவு. எனக்கு நேரத்துக்கு மேல வேல. ஓட்டி. காச எடுங்க, கோப்பி வரும்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, “சரி, ஒனக்கு எது லீவு?” என்றார். உண்மையாகவே கேட்டார். கரண்டியை இறக்கிவிட்டேன். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை பிற்பகல் எனக்கென்று ஆனது. சாப்பாட்டை முடித்தால் விளக்கு வைக்கும் வரை மகள் அவர் பொறுப்பு. முதல் தடவை சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேனே தவிர எங்கே போவது? பிள்ளையார் கோயிலில் கும்பிட்டேன், பசாரில் கீரை வாங்கினேன், வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கே வந்து நின்றேன். “ஓட்டி பாக்க வந்துட்டியா?” என்றார். அடுத்த வாரம் பஸ் ஏறி பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனேன். கடலைப் பார்த்த மாதிரி ஒரு மர நிழல். மலாக்காவுக்கு வாழ வந்து ஏழு வருஷமாகியும் அந்தக் கடலை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. கச்சான், அதாவது வேர்க்கடலை, வாங்கித் தின்றேன். யாருக்கும் மிச்சம் வைக்காமல் நானே தின்றேன். நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

வீட்டில் அவரும் தேறிக்கொண்டிருந்தார். ஜவுளிக்காரர் கை, மகளுக்கு ரிப்பன் கட்டினால் பூ மாதிரி நிற்கும். ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது அவர் முகமே சரியில்லை. மகள் சிலேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இவ எப்பலேர்ந்து எடது கையில எழுதுறா?”

“பொறந்ததுலேர்ந்து எல்லாமே எடதுதான். சோறு மட்டும் அதட்டி வலதுல சாப்பிட வச்சிருக்கேன்.”

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவர் சிலேட்டின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை முன்கதவு சாத்தியே இருக்கும். இஷ்டப்பட்டவர்கள் பின்கதவு வழியாக வந்து, கப்பலில் வந்த துணிக்கட்டுகளைப் பிரித்து அடுக்கினால் தனிக் காசு. அதாவது ஓட்டி. அதுவரை எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காத அந்த ஓட்டிக் காசு இப்போது தானாகத் தேடி வந்தது.

எனக்குத் தையல் மெஷின் மேல் ஆசை என்பது அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்தவள் நான். குழாயடிப் பெண்கள் ரவிக்கை தைக்க டவுனுக்கு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை ஊறும். அவர் கணக்குப் போட்டுவிட்டு வந்து சொன்னார்: “ஒரு வருஷம் செவ்வாக்கெழம போனா மெஷின் வந்துடும். தவண கட்டிக்கலாம். என்ன சொல்ற?”

நான் இரண்டு நாள் யோசித்தேன். மெஷின் வேண்டும். அந்த மர நிழலும் வேண்டும். மெஷின் வந்தால் அதில் உட்காரப்போவதும் நான்தான், தீபாவளி நெருங்கினால் ஊர் ரவிக்கையெல்லாம் என் தலையில்தான் என்று ஒரு மனம் சொல்லும். ஆனால் அது என் கையில் புரளும் காசு, கை நீட்டி வாங்காத காசு என்று இன்னொரு மனம் சொல்லும். அவருக்கும் போக ஆசையில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்காகப் போகிறேன் என்கிற மனுஷரைப் போகாதே என்று சொன்னால் மெஷின் போச்சு, போ என்றால் செவ்வாய்க்கிழமை போச்சு. கடைசியில், “ஒங்க இஷ்டம்” என்றேன். வீட்டுப் பொம்பளை அப்படிச் சொன்னால் போ என்றுதான் அர்த்தம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கட்டு பிரிக்கிற வேலைதானே, சாவகாசமாகப் போகலாம் என்றிருந்ததால் நன்றாக விடிந்துவிட்டது. மகள் ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். “வந்து கட்டுறேன்” என்றார். “ராத்திரியா?” என்றாள். அவர் சைக்கிளைத் தெருவில் இறக்கினார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் சீனத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரும் இல்லை ஒன்றும் இல்லை, டவுனில் கடையில்தான் வேலை என்று நான் அவளுக்கு எப்போதோ விளக்கிச் சொல்லியிருந்தேன். அவள் கேலியாகக் கேட்டாளா, மறந்துபோய்க் கேட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகிறாரா என்று, கொடிக்கு மேலாகத் தலையை நீட்டி, சிரித்த முகமாகக் கேட்டாள்.

“பாலிக் சிங்கப்பூரா?”

அவர் ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில், அப்படியே நின்றார். எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மெஷினுக்காக வந்ததா, அவருக்காக வந்ததா என்று கேட்டால் இரண்டுக்கும்தான் என்பேன்.

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சுவரோரம் சாய்த்தார்.

“தாக் ஜாடி, மக்சீக்” என்றார் சீனத்தியிடம். போகவில்லை அம்மா என்று அர்த்தம்.

பிறகு சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மகளின் பின்னால் படியில் உட்கார்ந்து ரிப்பனைக் கேட்டார். அவள் இடது கையால் எடுத்துக் கொடுத்தாள்.