ஸ்டாண்டுக்கு அடியில் வைத்த கல்

ஐம்பத்தொரு வயதில் நான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தயாராக இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறு ஒன்றுக்காக. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் வெள்ளைக்காரர்களிடமிருந்து சர்க்கார் கைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றில் ஒன்றின் டிராயிங் ஆபீசில் எனக்கு வேலை. பூமிக்கு அடியில் எந்த லெவலில் எந்தப் பக்கம் தோண்டியிருக்கிறார்கள் என்று தாளில் கோடு போட்டுக் காட்டுவேன். வீடு சாம்பியன் ரீப்ஸ் பக்கம். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சைக்கிள் மிதித்தே முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்திய ஃபோர்மேன் தன் முந்நூற்றைம்பது சிசி வண்டியை விற்றார். நான் வாங்கினேன். விஷயம் அவ்வளவுதான்.

ஊர் அதை அவ்வளவோடு விடவில்லை. "பேரப்புள்ள எடுக்கிற வயசுல உங்களுக்கு டப்பு டப்பு வண்டி கேக்குதா?" என்றாள் மனைவி. கடைத்தெருவில் மளிகைக்காரர், "இன்னா சார், மாப்பிள்ளைக்கு வாங்கினதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு இது இன்றும் புரியவில்லை. என்னைவிட மூத்தவன் ஒருவன் தினமும் கேஜ் கூண்டில் ஏறி ஒரு மைல் ஆழத்துக்கு இறங்கினால் இந்த ஊரில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. தலைக்கு மேல் பாறை வெடித்துச் செத்துப்போனாலும் விதி என்பார்கள். அதே வயதுக்காரன் நல்ல வெயிலில், தார் ரோட்டில், மோட்டார் சைக்கிளில் போனால் மட்டும் சிரிப்பு.

சிரித்தவர்களில் ஒருவனுக்கும் அந்த வண்டியைக் கிளப்பத் தெரியாது. முதலில் எஞ்சினில் அடைபட்ட காற்றைச் சின்ன லீவர் பிடித்து வெளியே விட வேண்டும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்தபின் ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பேர்த்துவிடும். எனக்கு மூன்று முறை அடித்தது. அப்புறம் எங்கள் ஊர்ச் சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் குன்று குன்றாகக் கொட்டி வைத்திருந்தார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்த வெள்ளைத் தூசி சோற்றில் விழும், கண்ணில் விழும், கார்புரேட்டரிலும் போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவேன். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பேன். செயினை எண்ணெயில் ஊறவைப்பேன். கையில் கறுப்புப் படிந்த அந்த வேலையில் எனக்கு இருந்த சந்தோஷம், இந்திய மையில் கோடு போட்ட எந்த நாளிலும் இருந்ததில்லை.

வண்டிக்கு ஒரு குறை உண்டு. சைடு ஸ்டாண்டின் நுனி ஒல்லி. ஆபீசுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகைத் தரையில் அதே சயனைடு மண்ணைத்தான் பரப்பியிருந்தார்கள். ஸ்டாண்டைப் போட்டால் அரைமணி நேரத்தில் மண்ணுக்குள் இறங்கி வண்டி சாயும். அதற்காக யார்டில் கிடந்த ஒரு தட்டைக் கல்லை எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கை அகலம், வெள்ளைக் கல், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. வேறெந்த ஊரிலும் அதைக் கல் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊரில், சுரங்க யார்டில் கிடக்கும் கல் வெறும் கல் இல்லை. தங்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை கேட்டுக்கு வெளியே கொண்டுபோனால் திருட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இது தெரியும்.

இனி அந்த கேட். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் ஆயிரம் பேர் அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வாட்ச்மேன்கள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்வார்கள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கச் சொல்வார்கள். ஆபீஸ்காரர்களை மட்டும் சும்மா ஒரு பார்வை பார்த்து விட்டுவிடுவது வழக்கம். சைக்கிளில் போன அத்தனை காலமும் என்னை யாரும் தொட்டதில்லை. அதை நான் என் யோக்கியதைக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

மோட்டார் சைக்கிள் வந்ததும் அது மாறியது. கேட்டில் இருந்தவர் என் வயதை ஒட்டிய ஒரு வாட்ச்மேன். ஆர்க்காட்டுப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். தாத்தாவும் அப்பாவும் அடியில் இறங்கியவர்கள், இவர் மேலே காவலுக்கு வந்துவிட்டார். மெல்லிய ஆள். பேச்சு மட்டும் மெல்லியதில்லை.

"டப்பாவத் தொறங்க சார்."

"எதுக்கு?"

"வண்டின்னா டப்பா கீது, டப்பான்னா தொறந்து பாக்கச் சொல்லிக்கிறாங்க. சைக்கிள்ல டப்பா இல்ல, உட்டுட்டேன்."

தினமும் டூல் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். ஸ்பானரை எடுத்துப் பார்ப்பார். சைலன்சருக்குள் ஒரு கம்பியை விட்டு ஆட்டுவார். பின்னால் வரிசையில் நிற்கும் ஆட்கள், "சீக்கிரம் தேடுப்பா, சார் உள்ள ஒரு மலையவே வெச்சிருப்பாரு" என்று கத்துவார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். இத்தனை வருஷம் வேலை பார்த்தவனை, படித்தவனை, ஒரு வண்டி வாங்கிய குற்றத்துக்காகத் திருடனைப் போல நிறுத்துவதா? தினமும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்புவேன். "அந்தாளு வேலைய அந்தாளு செய்யறாரு" என்பாள். அவள் மேலும் கோபம் வரும்.

அன்று மத்தியானம் ஒரு வரைபடத்தை வளாகத்துக்குள்ளேயே இருந்த இன்னொரு சுரங்க ஷாஃப்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கேயும் மண் தரைதான். அதனால் கல்லை எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். அங்கே கல்லை வைத்து நிறுத்தினேன். வேலை முடிந்ததும் மறுபடி டப்பாவில் போட்டேன். திரும்பி வந்தபோது கொட்டகை நிறைந்திருந்தது. வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கல் டப்பாவிலேயே இருந்துவிட்டது.

மாலையில் கேட். டப்பாவைத் திறந்தார். துணியைப் பிரித்தார். கல்.

அவர் கத்தவில்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னா சார் இது?" என்றார். அதற்குள் பின்னாலிருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"டேய், டிராயிங் ஆபீஸ் சாரு தங்கம் கடத்துறாருடா!"

சிரிப்பு வரிசை நெடுகப் போயிற்று. நான் உரக்கச் சொன்னேன்: "யோவ், நீ வெச்சதுதானே இது?"

அந்த வார்த்தை வாயைவிட்டு வரும்போதே எனக்குக் கல் நினைவுக்கு வந்துவிட்டது. கறுப்புக் கோடு கண்ணுக்கு எதிரிலேயே தெரிந்தது. அப்போதே சிரித்து, "ஸ்டாண்டுக்கு வைத்தது, மறந்துவிட்டேன்" என்றிருந்தால் அரைமணி நேர விசாரணையோடு போயிருக்கும். ஆயிரம் பேர் எதிரில் சொன்ன வார்த்தையை ஆயிரம் பேர் எதிரில் விழுங்க எனக்கு மனம் வரவில்லை.

காவல் பிரிவு அதிகாரியின் அறைக்கு எங்கள் இருவரையும் கூட்டிப் போனார்கள். வராந்தாவில் வாட்ச்மேன் சொன்னார்: "சார், ஒரு வார்த்த சொல்லிடுங்க. வேல போச்சுன்னா வூடும் போச்சு. லைன் வூடு சார். பொண்ணு மாசமா இருக்குது."

உள்ளே போய் ஆங்கிலத்தில் பேசினேன். நல்ல ஆங்கிலம். என் சர்வீஸைச் சொன்னேன். இந்த ஆள் சில வாரங்களாகவே என்னை அவமானப்படுத்துவதைக் குறியாக வைத்திருக்கிறான் என்றேன். அதுவரை சொன்னது என் அபிப்பிராயம். பிறகு, துணியைப் பிரிக்கும்போது அவன் சட்டைக் கை மடிப்பிலிருந்து கல் விழுந்ததைப் பார்த்தேன் என்றேன். அது பொய். நான் பேசப் பேச அவர் என் வாயையும் அதிகாரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிகிறது, என்ன பேச்சு என்று தெரியவில்லை. இடையில் ஒருமுறை, "சார், தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார். அதிகாரி அவரை வாயை மூடச் சொன்னார்.

ஒரு சாட்சியைக் கூப்பிடவில்லை. வரிசையில் நின்ற ஒருவனைக் கேட்கவில்லை. சட்டையில் இங்க் பேனா குத்தியவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம் எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. அதில் நான்தான் லாபம் அடைந்தேன் என்பதால் ஆத்திரம் குறையவில்லை. மாதம் முடிவதற்குள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சுரங்கம் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு பக்கத்துப் பேத்தமங்களாவில் மைத்துனர் நிலத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் நான் செய்த காரியத்தையும் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டாண்டின் நுனிக்கு ஓர் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்துக்கொண்டேன். ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே சார்" என்றார் வெல்டர். வண்டியில் இருந்த கோளாறைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

பேத்தமங்களாவுக்குப் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஏரிக்கரை வழியாகப் போய் விசாரித்தேன். அவர் கேழ்வரகு வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க சார். வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது." பிறகு சொன்னேன். "அந்தக் கல்லு என்னுதுதாங்க. நான்தான் டப்பால வெச்சேன்." முதல் முறையாக அவருக்கு மரியாதை கொடுத்துப் பேசினேன் என்பது பாதி வாக்கியத்தில்தான் எனக்கு உறைத்தது.

"தெரியும் சார்."

"அன்னைக்கே தெரியுமா?"

"நானு வெக்கல. அப்போ நீங்கதான வெச்சிருக்கணும்? இதுக்கு இன்னா படிப்பு வேணும்?"

மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்துவிட்டு மறுபடி என் பக்கம் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்றதுக்கா சார் இவ்ளோ பெட்ரோல் போட்டுகினு வந்தீங்க? அங்க போயி சொல்லுங்க. அன்னைக்கு எந்த பாஷைல சொன்னீங்களோ, அதே பாஷைல சொல்லுங்க." அவ்வளவுதான். வாய்க்காலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

மறுநாள் அதிகாரியிடம் போனேன். அதே அறை, அதே ஆள். ஆங்கிலத்திலேயே சொன்னேன்: கல் என்னுடையது, நான் பொய் சொன்னேன், அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்றார். இதை எழுத்தில் கொடுத்தால் உங்கள் வேலையும் ஓய்வுப் பணமும் போகும், சில வருஷம்தானே பாக்கி, விட்டுவிடுங்கள் என்றார்.

நான் விட்டுவிட்டேன்.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் விட்டுவிடச் சொன்னதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதே, அதற்கு அவர் பொறுப்பில்லை. வெளியே வந்தேன். வண்டி மண்ணில் புதையாமல் தகட்டின் மேல் நிமிர்ந்து நின்றிருந்தது. ஒரே மிதியில் கிளம்பியது. கேட்டில் புது வாட்ச்மேன், இளம் ஆள், என்னைப் பார்த்ததும் ஒதுங்கி சலாம் வைத்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் டப்பாவை யாரும் திறப்பதில்லை.

"தொறந்து பாருப்பா" என்றேன்.

"பரவால்ல, போங்க சார்."

"பாருன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நானே டப்பாவைத் திறந்து காட்டினேன். அவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களப் போயி சோதன போடுவோமா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டான்.