கோரைப்பல் மீனும் கொடிக்கயிறும்

மதியம் இரண்டே கால் மணிக்குக் கரண்ட் போனது. கடலே இல்லாத மதுரையில் கடல்மீன் வளர்ப்பவர்களுக்கு அதுதான் முதல் எதிரி. ஏர் பம்ப் நின்றுவிட்டால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கத் தொடங்கிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். டீ ஆற்றுவதுபோல, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செம்பும் பித்தளையும் மீனுக்கு ஆகாது. பிளாஸ்டிக் மக்தான்.

அவனியாபுரத்தில் என் வீட்டு முன்னறையே வண்ணமீன் கடை. விலங்கியல் படித்த துணிச்சலில் ஆரம்பித்தது. விற்பதெல்லாம் நன்னீர் மீன்கள். மண்டபம் கடற்கரையிலிருந்து கேன்களில் கடல்தண்ணீர் வரவழைத்து வைத்திருந்த கடல் தொட்டி மட்டும் விற்பனைக்கு இல்லை. ஆனால் அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள்.

அதில் பிளென்னி என்ற மீன் ஒன்று, விரல் நீளத்துக்கு இருந்தது. சாம்பல் நிற உடம்பு, முதுகில் கறுப்புக் கோடு. கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல், அவற்றின் அடியில் விஷம். ஒருமுறை, சின்ன மீன்களைத் தின்னும் களவா மீனின் குஞ்சு ஒன்று அதை விழுங்கிய வேகத்திலேயே துப்பியதைப் பார்த்தேன். பிளென்னி ஒன்றுமே நடக்காததுபோல நீந்திப் போனது. களவாதான் வாயைத் திறந்தபடி மூலையில் நின்றது.

இந்த மீனை வளர்ப்பது சிரமமே இல்லை. ஒளிந்துகொள்ளக் கல்லிடுக்கு, பொடியாக நறுக்கிய இறால், தொட்டிக்கு மூடி. இவை போதும். தானாக வந்து கடிக்காது. கையால் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போது மக்கின் வாயில் கொசுவலைத் துணி கட்டி வைத்திருக்கிறேன். அன்று கட்டவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் தேன்மொழி தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். மக்குக்குள் வந்துவிட்ட பிளென்னி துள்ளித் தரையில் விழுந்தது. யோசிக்காமல் கையால் அள்ளித் தொட்டியில் போட்டாள்.

"அம்மா, கடிச்சிருச்சு!"

ஆள்காட்டி விரலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். நெற்றியெல்லாம் வேர்த்து, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து லேத் பட்டறை முருகேசன், கரண்ட் இல்லாததால் வாசலில் சும்மா நின்றவர், சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"யக்கா, இது வெச மீன்னு நீங்கதான எல்லார்ட்டயும் சொல்லுவீங்க!" என்றவர், பட்டறை ஆளை டாக்டரிடம் விரட்டினார். எங்கள் கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துவந்து, அவள் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். அவர் மனைவி செல்வி மிளகு கொண்டுவந்தாள். பாம்பு விஷம் ஏறியிருந்தால் மிளகு காரம் தெரியாது என்பார்கள்.

"மென்னு பாரு தாயி. காரம் தெரியுதா?"

"தெரியுது மாமா. மிளகுன்னா காரமாத்தான இருக்கும்? கடிச்சது மீனு, நாகப்பாம்பு இல்ல. யாராவது தண்ணிய ஆத்துங்க, மீனெல்லாம் செத்துரும்."

செல்வி மக்கை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மகளின் விரல்கள் நீலமாயின.

"வெசம் ஏறுது!" என்று முருகேசன் கயிற்றை இன்னும் இறுக்கினார்.

இந்தக் கடியில் வலி குறைவு, உயிருக்கு ஆபத்தில்லை என்று நான் படித்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் கை நீலமாகும்போது படிப்பு எங்கே நிற்கிறது? அந்த விரல்கள் இன்றும் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விஷ மீன் என்று வாடிக்கையாளரிடம் பெருமையடிக்கிறபோதே, அந்த விஷம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கேட்பவர் பாம்பை மட்டுமே அறிந்தவராக இருக்கலாம்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டாக்டர் வந்தார். மகளின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"கடிச்சது எங்கம்மா?"

விரலைக் காட்டினாள்.

"கட்டுனது யாரு?"

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

டாக்டர் கத்தரிக்கோல் கேட்டு வாங்கிக் கயிற்றை வெட்டினார். அவளைப் படுக்கவைத்து, பிரஷர் பார்த்து, கொஞ்சம் இறங்கியிருக்கிறது, படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் விரல்களில் சிவப்பு திரும்பியது.

கயிற்றுத் துண்டை முருகேசன் கையில் கொடுத்துவிட்டு, மகளிடம் சொன்னார்:

"நல்லவேளை தாயி, அது ஒன்னக் கழுத்துல கடிக்கல."