பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியும் மதுரை விருந்தாளியும்

செண்பகனூரில் என் வீட்டில் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து, ஓடவைத்துப் பாதுகாக்கிறேன். அவற்றில் ஒன்றில் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள், ஓர் அசல் ஃபிளாப்பியிலும் அதன் நகலிலும் மட்டுமே இருந்தது. மலைப்பனியில் இரண்டுமே பூஞ்சை பிடித்துவிட்டன. துடைக்காமல், ஃபிளாப்பியைப் படிக்கும் டிரைவில் போட்டால் பூஞ்சை உள்ளேயிருக்கும் தட்டைச் சுரண்டி, அதில் பதிந்தது அழிந்துவிடும்.

போன மாதம், இதே கிறுக்குப் பிடித்த மதுரைக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். "ஃபிளாப்பியத் தொட்டுராதீங்க, இன்னும் தொடைக்கல" என்று சொல்லிவிட்டுத்தான் காபி போடப் போனேன். அடுப்படிவரை கிறீச்சென்ற சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். அசல் ஃபிளாப்பியில் வட்டமாக ஒரு கீறல். மனிதர் அதற்குள் நகலையும் உள்ளே தள்ளியிருந்தார்! டிரைவில் ஒட்டியிருந்த அழுக்கு அதையும் சுரண்டித் தீர்த்தது.

"என்ன சோலிங்க பாத்துருக்கீங்க?" என்று கத்தினேன்.

"டிரைவ் நல்லாருக்கான்னு பாத்தேங்க. எல்லாம் உங்க ஊர்ப் பனி பண்ணுன வேலை."

பனியா ஃபிளாப்பியை எடுத்து டிரைவில் போட்டது? அந்த மென்பொருள் வேறு யாரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, நான் டிரைவின் கேபிளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறேன். மறுபடி வரட்டுமா என்று மதுரைக்காரர் போன வாரம் போனில் கேட்டார். வந்தால் காபிகூடக் கிடையாது என்றேன்.