அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை

"பஸ்ஸுல அந்தப் புள்ளையக் காட்டிக் குடுப்பாருலா, அந்தக் கண்டக்டர் செத்துட்டாராம்." காலையில் தம்பி போனில் இப்படித்தான் சொன்னான்.

அவர் யாரையும் காட்டிக் கொடுத்தவர் இல்லை. அது சினிமாவில் வந்தது... அந்த சினிமா என் நாவலில் இருந்து எடுத்தது.

தொண்ணூறுகளில் எனக்கு நாகலாபுரத்தில் வாத்தியார் வேலை. சாயங்காலம் கோவில்பட்டிக்குத் திரும்புவது அந்தக் கண்டக்டர் அண்ணாச்சியின் பஸ்ஸில்தான்.

ஒரு நாள், காதலித்தவனைக் கல்யாணம் பண்ண வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிய பெண் ஒருத்தி பஸ்ஸில் இருந்தாள். விளாத்திகுளம் தாண்டியதும் அவள் வீட்டு ஆட்கள் பைக்கில் வந்து மறித்தார்கள். கையில் அரிவாள்.

அவள் வத்தல் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அண்ணாச்சி படியை அடைத்து நின்றார். "இந்த வண்டியில அப்படி யாரும் ஏறலப்பா. வழிய விடுங்க, லேட்டாவுது."

விசில் கொடுத்தார். பஸ் வேகம் எடுத்த பிறகுதான் படியை விட்டு உள்ளே வந்தார்.

நாவலில் அது மூன்றே பக்கம். ஆனால் வந்த லெட்டர் எல்லாம் ஹீரோவை விட்டுவிட்டுக் கண்டக்டரைத்தான் விசாரித்தது. அண்ணாச்சிக்கும் ஒரு காப்பி கொடுத்தேன். ஏறுகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார். "இதுல வார கண்டக்டர் நாந்தான், பாத்துக்கிடுங்க."

ரெண்டு வருஷம் கழித்து சினிமாவுக்குக் கேட்டார்கள். "இன்டர்வல் வீக்கா இருக்கு சார். கண்டக்டரே காட்டிக் கொடுக்கட்டும்" என்றார் டைரக்டர்.

தலையாட்டினேன். திரையில் என் பெயர் வரும் ஆசை... அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படம் வந்த முதல் நாளே அவர் பெண்டாட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போயிருக்கிறார். படத்தில் கண்டக்டர் கண்ஜாடை காட்டுகிறான். அந்தப் பெண்ணை இறக்கி, ரோட்டோரம் வைத்து வெட்டுகிறார்கள்.

திங்கட்கிழமை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். "நாந்தான் நாந்தான்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே சார்... இப்ப இது நான் இல்லன்னு எத்தன பேருட்டப் போயிச் சொல்லுவேன்?"

"டைரக்டர் மாத்திட்டாரு அண்ணாச்சி" என்றேன். பாதிப் பொய்.

அதற்குப் பிறகு பின் சீட்டுப் பையன்கள் படத்து வசனத்தைச் சொல்லிக் கத்துவார்கள். தனியாக வரும் பெண்கள், எங்கே இறங்கணும் என்று அவர் கேட்டால்கூட முகம் கொடுப்பதில்லை. ஆறு மாதத்தில் ரூட் மாற்றி வாங்கிக்கொண்டு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. டிவியில் படம் போடும்போதெல்லாம் போகணும் என்று நினைப்பேன்... அவ்வளவுதான்.

இன்றைக்குத்தான் போனேன். மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் மகள் தெரு வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"சார், எங்கப்பாவப் பத்தி இனிமே ஒண்ணும் எழுதிராதீங்க."

சரிம்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் மட்டும் போடவில்லை.

நல்லபடியாப் போங்க அண்ணாச்சி...