சாராள் டாக்டரம்மாவின் கார்

ராஜபாளையத்தில் நான் நர்சாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் முன் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் இறங்கி வந்தார். "உங்க டாக்டரம்மா தவறிட்டாவ" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் ஆஸ்பத்திரியில், காலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சரிந்துவிட்டாராம். நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் மிகக் குறைவு. ஏன் குறைவு என்பது அவரை அறிந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை யாராவது ஒருவர் எழுதித்தான் ஆகவேண்டும்.

டாக்டர் சாராள் இனிமையானவர் அல்ல. பிரசவ வலியில் அலறுகிறவளை அதட்டுவார். அவரிடம் நர்சாக இருந்த காலம் முழுவதிலும் என்னை ஒரு முறைகூடப் பாராட்டியதில்லை. எதுவும் பழுதாகும்வரை அவர் காத்திருக்கமாட்டார். "கெட்டுப்போன பொறவு பாக்கிறது வைத்தியமில்ல, துக்கம் விசாரிக்கிறது" என்பார். அவரே ஓட்டிவந்த காருக்கும் அதே சட்டம்தான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஒரு கோடையில், ராஜபாளையத்து மெக்கானிக்கிடம் காரை விட்டு, வாட்டர் பம்பையும் தெர்மாஸ்டாட்டையும் மாற்றச் சொன்னார். நானும் உடன் போயிருந்தேன். தெர்மாஸ்டாட் என்பது, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரின் வழியை அடைத்து வைத்திருந்து, சூடானதும் திறந்துவிடும் ஒரு சின்ன மூடி. பழையவை இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். டாக்டர் கேட்கவில்லை. புதியவற்றை மாட்டச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கிளம்பிய சற்று நேரத்தில், ஊரின் எல்லையில் சிலர் காரை மறித்தார்கள். பேச்சி என்ற இளம்பெண்ணுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. உடனே அறுவை செய்தால் தாயாவது பிழைப்பாள் என்று சொல்லி, அவளையும் அவள் தாய் வெள்ளையம்மாளையும் டாக்டர் காரில் ஏற்றிக்கொண்டார்.

வன்னியம்பட்டியை நெருங்கும்போது முன்பக்கமிருந்து ஆவி சீறியது. வண்டி நின்றுவிட்டது. தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கொதித்தது. புதிய மூடி திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆறும்வரை பொறுக்காமல் போல்ட்டுகளைக் கழற்றினார். கொதிநீர் பீறிட்டு அவருடைய வலது கையின் தோலை உரித்துவிட்டது. அந்தக் கையாலேயே மூடியைப் பிடுங்கி எறிந்தார். பின் இருக்கையில் என் மடியில் தலைவைத்திருந்த பேச்சி அதற்குள் போய்விட்டாள்.

வெள்ளையம்மாள் யாரையும் குறை சொல்லவில்லை. "எம்மக தலையெழுத்து" என்று மட்டும் சொல்லி அழுதாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

கையில் கட்டோடு டாக்டர் அந்த வீட்டுக்குப் போனார். வேண்டாம் என்று நான் வழியெல்லாம் கெஞ்சினேன். முற்றத்தில் நின்று, துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் முன்பாகவே சொன்னார்: "பழைய சாமான் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் மாத்தச் சொன்னேன். மாத்தாம இருந்தா உங்க மக பிழைச்சிருப்பா."

வெள்ளையம்மாள் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்லுதிய? விதின்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். அதையும் புடுங்கிட்டியளே."

அதன்பின் சந்தை நாள்தோறும் அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே வரும் கர்ப்பிணிகளை நிறுத்தி, மகள் செத்த கதையைச் சொன்னாள். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். திரும்பிப் போனவர்களில் சிலர் வீட்டிலேயே பெற்றுச் செத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். காவல்காரர் அவளை விரட்டப் போனபோது டாக்டர் தடுத்துவிட்டார். இத்தனை உயிர் போகிறதே என்று நான் கேட்டதற்கு, "அவ சொல்லுறதுல பொய் இருந்தா நானே வெரட்டுவேன்" என்றார். எனக்கு அன்று அவர்மேல் வந்த வெறுப்பு இன்றும் முழுதாகப் போகவில்லை.

அடுத்த கோடையிலும் அவர், பழுதாகும் முன்பே சாமான்களை மாற்ற, ராஜபாளையத்துக்குக் காரை ஓட்டிப்போனார். மறுபடியுமா என்று மெக்கானிக் கேட்டார். உரிந்து சுருங்கிய கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு டாக்டர் சொன்ன பதில் இதுதான்: "ஒருத்தி செத்தா வைத்தியத்தையா விட்டுருதோம்? புதுசை மாட்டும்."

அவர் அந்த உண்மையைச் சொன்னது வெள்ளையம்மாளுக்காகவா, தன் நெஞ்சின் பாரத்தை இறக்கவா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம் மட்டுமே. என் கையில் யாராவது இறந்தால், வீட்டாரிடம் போய், எப்படி நடந்தது என்று சொல்லட்டுமா என்று முதலில் கேட்கிறேன். அவர் கேட்காமல் சொன்னார். நான் கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று தலையசைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.