ஞாயிறு இல்லாத வாரம்

நத்தார்ப் பண்டிகை முடிந்து பத்தாம் நாள், எனக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். என் அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது இதே வருத்தம்தான். ஒரு குடும்பத்தில் ஒரு கால் போதாதா இதற்கு என்று மனதுக்குள் திட்டினேன்.

"பங்குனி முடியுமட்டும் சாப்பாட்டாலயும் நடையாலயும் பாப்பம். இறங்காட்டி குளிசை துவங்குவம்" என்றார் டாக்டர்.

"என்ர காலை நான் குடுக்கமாட்டன்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிய, மகளின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிமுனைக் கடற்கரைப் பக்கமாக நடந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அவ்வளவு வேகமாக நடந்தால், எங்கோ செத்தவீடு என்றுதான் நினைப்பார்கள். மூன்று வாசலில் "ஆருக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார்கள். "ஆருக்கும் ஒண்டுமில்லை, எனக்கும் ஒண்டும் வரக்கூடாது" என்று நிற்காமல் சொன்னேன். வள்ளத்தடியில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த ஆண்கள் என் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களா எனக்குக் கால் தரப்போகிறார்கள்?

சோற்றை அரைக் கோப்பையாகக் குறைத்தேன். காலையில் குரக்கன் பிட்டும் மீன்குழம்பும். சீனியில்லாத தேநீரை முதல் வாரம் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டாம் வாரமும்தான்.

பிறகு தவக்காலம் வந்தது. நல்ல துணை கிடைத்தது என்று மகிழ்ந்தேன். வீட்டில் எல்லோருமே இறைச்சியும் இனிப்பும் விட்டிருந்தார்கள். ஆனால் ஞாயிறு நோன்புக் கணக்கில் சேராது. சிறுவயதிலிருந்து எங்களுக்கு அப்படித்தான். ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒரு பிடி பிடித்தேன். கோழிக்கறி, மலையாய்ச் சோறு, மேலே ஐஸ்கிரீம். குற்ற உணர்வு துளியும் இல்லை. திருச்சபையே விட்ட நாள் அல்லவா!

அப்படி மூன்று ஞாயிறு. அடுத்த திங்கள் கிளினிக்கில் பார்த்தால், சீனி முன்பைவிட ஏறியிருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னதும் டாக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, உங்கட ரத்தம் கோயிலுக்குப் போறேல்லை."

வெட்கத்தில் காது சுட்டது. என்மேல்தான் எனக்கு எரிச்சல். அன்றிலிருந்து எனக்கு ஞாயிறு என்று ஒரு நாள் இல்லை. நடையும் காலையோடு மாலையுமாக இரண்டு வேளையாயிற்று.

உயிர்ப்புக்கு முந்திய பெரிய வாரத்தில் மறுபடி பார்த்தபோது நன்றாக இறங்கியிருந்தது. "இப்போதைக்குக் குளிசை வேண்டாம். ஆனா இதை விட்டிடாதேங்கோ" என்றார் டாக்டர். வெளியே வந்து தனியாக நின்று சிரித்தேன்.

உயிர்த்த ஞாயிறு மதியம் எல்லோருக்கும் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணனின் மனைவி, என் மச்சாள், எல்லோருக்கும் வைத்ததுபோல, கருப்பட்டி போட்ட வட்டிலப்பக் கிண்ணமொன்றை என் முன்னாலும் வைத்தார்.

"சீனி இறங்கிட்டுதானே? தவக்காலமும் முடிஞ்சுது. ஆண்டவரே உயிர்த்திட்டார், நீ இன்னும் சிலுவையிலயோ?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"பெருநாளில வைச்சதைத் தள்ளுறதோ? ஒரு கரண்டி."

"வேண்டாம் மச்சாள்."

"ஒரே ஒரு கரண்டி. எனக்காக."

"ஒரு கரண்டியும் வேண்டாமெண்டா வேண்டாம்!"

குரல் உயர்ந்துவிட்டது. சிரிப்பு நின்றது. மச்சாளின் கண் கலங்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

எதிர்க் கதிரையில் இருந்த அண்ணன், "விடு அவளை" என்றார். "எனக்கு ஒவ்வொரு பெருநாளும் ஒரு கரண்டி, ஒரு துண்டெண்டு எல்லாரும் வைச்சனீங்கள். நானும் திண்டனான். ஒருத்தரும் என்னோட சண்டை பிடிக்கேல்லை."

வைத்தவர்களில் நானும் ஒருத்தி. நத்தார் தவறாமல் கேக் கொண்டுபோய், "ஒரு துண்டுதானே அண்ணா" என்று அவர் வாயில் ஊட்டியவள்.

எழுந்து, அண்ணனுக்கு முன்னால் இருந்த கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.